பென்சில் எடுக்காதவர்கள்

ஐப்பசி, செவ்வாய்

நாளை ரொறன்ரோவில் தம்பிக்குக் கண் சத்திரசிகிச்சை. பிறகு ஒரு மாதம் கணினித் திரையைப் பார்க்கக் கூடாதாம். அதனால் நாங்கள் இருவரும் கணினி விளையாட்டில் சேர்ந்து கட்டும் ரயில் பாதையை இன்றே முடிக்க நினைத்தோம். விளையாட்டின் புதிய பதிப்பு தம்பி வாங்கிய பெரிய இணையக் கடைக்கு மூன்று வாரம் முன்பே வந்துவிட்டது. நான் வாங்கிய சின்னக் கடைக்கு இன்னும் வரவில்லை. பழையதும் புதியதும் ஒன்றாக ஓடாது.

"இன்ரநெற் இல்லாட்டிலும் விளையாட்டு கையிலை இருக்கோணுமெண்டு அந்தச் சின்னக் கடையிலை வாங்கினீங்கள். இப்ப வைச்சுக்கொண்டிருங்கோ அண்ணை" என்று தம்பி வீடியோ அழைப்பில் சிரித்தான்.

கடைக்கு எழுதினேன். விளையாட்டுக் கம்பனி இன்னும் அனுப்பவில்லை, பொறுமையாக இருங்கள் என்று பதில் வந்தது. பொறுமையை எனக்கே படிப்பிக்கிறார்கள். மெல்லக் கணக்குச் செய்யும் பிள்ளைக்காக மணி அடித்த பின்னும் வகுப்பில் இருந்த வாத்தியார் நான். அந்தப் பிள்ளை செய்துகொண்டாவது இருந்தது. இந்தக் கம்பனிக்காரர்கள் பென்சிலையே எடுக்கவில்லை. சின்னக் கடையில் வாங்கியவனைக் வகுப்பின் கடைசி வரிசை வாங்கிலில் இருத்திவிட்டு மறக்கும் கூட்டம்.

கடைசியில் தம்பி தொலைபேசியைத் தன் திரைக்கு நேரே பிடித்தான்.

"நீங்கள் சொல்லுங்கோ, நான் போடுறன்."

பாதையைப் பாலத்தில் ஏற்றச் சொன்னேன். பாலத்தைத் தவறவிட்டு ஆற்றுக்குள் போட்டான். அவனுக்குக் கண் இவ்வளவு மங்கிவிட்டதென்று இன்றுதான் தெரிந்தது.

"சரியோ அண்ணை?"

"ஓம், சரி" என்றேன்.