தோலோடு மென்றவர்

பிப்ரவரி 3, செவ்வாய்

இந்த டைரி எங்க வீட்டுக்காரர் பேருக்கு வந்தது. வருடா வருடம் கம்பெனியில் எல்லோருக்கும் கொடுப்பார்கள். ஆள் போய்விட்டார் என்று ஆபீசில் பேரை வெட்ட மறந்துவிட்டார்கள் போல. பியூன் கேன்டீனுக்கே கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். அவர் ஒரு வருடமும் டைரியில் ஒரு எழுத்து எழுதியதில்லை. சூடான பாத்திரத்தை இறக்கி வைக்கத்தான் வீட்டில் ஆகும். இந்தத் தடவை நான் எழுதுகிறேன். அஞ்சாவது வரை படித்த கை. கோணல் மாணலாகத்தான் வரும். பார்க்கப் போவது யார்?

கேன்டீனில் எனக்கு இன்றும் முட்டை உரிக்கிற வேலைதான். அண்டாவில் வேக வைத்து, பச்சைத் தண்ணீரில் கொட்டி, பாத்திரத்தோடு குலுக்கினால் ஓடு விரிசல் விடும். அகலமான பக்கத்தில் காற்றுப் பை இருக்கும், அங்கே விரலை விட வேண்டும். முந்தாநாள் வந்த முட்டை, புதுசு, ஓடோடு சதையும் பிய்ந்து வந்தது.

பிய்ந்த முட்டையைத் தட்டில் வைக்க முடியாது. அது உரித்தவளுக்கு. எங்கள் அடுப்படியில் அப்படி ஒரு பழக்கம். முன்பெல்லாம் என் பங்கை ஒரு டப்பாவில் போட்டு அவருக்குக் கொண்டுபோவேன். ஒன்றும் பிய்யாத நாளில் நானே நகத்தால் ஒரு கீறல் போடுவதும் உண்டு. சமையல் மாஸ்டர் பார்த்தும் பார்க்காத மாதிரி போவார்.

இப்போது என் பங்கைக் குண்டூசிக்குக் கொடுத்துவிடுகிறேன். என் கூட உரிக்கிறவள். அவ்வளவு ஒல்லி, அதனால் அந்தப் பேர். "ஏங்க்கா, நீங்க ஒரு வாய் சாப்பிட்டா என்ன?" என்றாள். எனக்கு முட்டை பிடிக்காது என்றேன். இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து உரித்தவளிடம்.

பிப்ரவரி 5

மகள் போன் பண்ணினாள். சாப்பிட்டியா என்றாள். சாப்பிட்டேன் என்றேன். அவளிடம் பேச வாய் வரமாட்டேன் என்கிறது.

பிப்ரவரி 11, புதன்

எழுதிவிடுகிறேன். மனசுக்குள்ளேயே வைத்திருந்தால் புளித்துப் போகிறது.

போன வருடம் அவருக்கு ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கொழுப்பு அதிகம் என்று வந்தது. டாக்டர் சொன்னது எண்ணெய், உப்பு, சிகரெட். முட்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. முட்டையை நிறுத்தச் சொன்னது மகள். வேறு ஊரில் ஆபீஸ் வேலை, கண்ணாடி ரூமில் உட்கார்ந்திருக்கிறாள், நாலும் படிக்கிறாள்.

"அம்மா, ஒரு முட்டையில ஆறு கிராம்தான் புரதம். ஒரு கிண்ணம் எடமாமேயில பதினெட்டு கிராம். கெட்ட கொழுப்பு சுத்தமா கிடையாது. இனிமே அப்பாவுக்கு அதான்."

"எடமா என்னது?"

"பச்சை சோயாம்மா. அவரைக்காய் மாதிரிதான் இருக்கும். பாக்கெட் அனுப்பறேன்."

ஐஸ்கட்டி மாதிரி பாக்கெட்டுகள் வந்தன. அதில் என்னவோ பொடி எழுத்தில், வேறு பாஷையில் எழுதியிருந்தது. அவர் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எட மாமேயா? என்னையே கூப்பிடற மாதிரி இருக்குடி" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது மாமாக்காய்.

மகள் சொன்ன மாதிரியே அவரைக்காயாகத்தான் நினைத்தேன். காம்பு கிள்ளி, நார் உரித்து, சாய்வாக நறுக்கி, ஒரு சொட்டு எண்ணெயில் வெங்காயத்தோடு வதக்கிக் கொடுத்தேன். மென்றார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார். "நாள் பூரா கம்பெனியில அரத்தால இரும்பை ராவுறேன். வீட்டுக்கு வந்தா பல்லை ராவ விடுறே" என்பார். நான் சிரிப்பேன். மிச்சம் வைத்தால் திட்டுவேன். என்ன விலை தெரியுமா அது என்பேன்.

ஒரு நாள் என் காலி டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டார். "இன்னைக்கு முட்டை எதுவும் பிய்யலையா?"

பிய்யலை என்றேன். பிய்ந்திருந்தது. குண்டூசியின் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

அவர் டப்பாவை மூடி வைத்தார். கை கழுவப் போனார். அந்த நவம்பரில், வேலை விட்டு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே இருந்தவர், அப்படியே…

அந்தக் கேள்விதான் காதில் நிற்கிறது. வேறு எவ்வளவோ பேசியிருக்கிறோமே, அதெல்லாம் எங்கே போச்சு?

பிப்ரவரி 18

அடுப்படியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. உட்கார்ந்துவிட்டேன் என்று நான் சொல்கிறேன், விழுந்துவிட்டேன் என்று மாஸ்டர் சொல்கிறார். "நீ பாட்டுக்கு அண்டாவுல விழுந்து வெச்சா, சூப்புன்னு ஊத்திடுவானுங்க" என்று சத்தம் போட்டார். சத்தம் போட்டுவிட்டு அவரே பாலை ஆற்றிக் கொடுத்தார். கம்பெனி நர்ஸ் கண் இமையை இழுத்துப் பார்த்தாள். ரத்தமே இல்லையாம். முட்டையாவது தினம் ஒன்று சாப்பிடுங்கள் என்றாள்.

அவர் கேட்டுக் கிடைக்காததை நான் எப்படித் தின்பது?

பிப்ரவரி 20, வெள்ளி

உணவு ஆலோசனை சொல்கிற அம்மா ஒருத்தர் கேன்டீனுக்கு வந்தார். முட்டை சாப்பிடாதவர்களுக்கு வேறு என்ன தரலாம் என்று சொல்லத்தான் வந்தது. நான் உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது அதே மாமாக்காய்.

எல்லோரும் போன பிறகு ஈரக் கையோடு போய் நின்றேன். மகள் சொன்ன கணக்கைச் சொன்னேன். ஒரு முட்டைக்கு ஆறு, ஒரு கிண்ணத்துக்குப் பதினெட்டு.

"ஒரு முட்டையையும் ஒரு கிண்ணத்தையும் வெச்சுப் பார்த்தா எப்படிம்மா சரியா வரும்? எடைக்கு எடை பாருங்க. ரெண்டுலயும் புரதம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். நார்ச்சத்து முட்டையில இல்ல, இதுல இருக்கு. பி பன்னிரண்டுன்னு ஒரு சத்து, அது முட்டையில இருக்கு, இதுல இல்ல. ஒண்ணுக்கு இன்னொண்ணு எதிரி கிடையாது. ரெண்டையும் சாப்பிடலாம்."

"கொழுப்பு இருக்கிறவங்க?"

"நிறையப் பேர் நாளைக்கு ஒண்ணு சாப்பிடலாம். ஆளுக்கு ஆள் மாறும். அவங்க டாக்டர்தான் சொல்லணும். யாருக்கும்மா?"

எங்க வீட்டுக்காரருக்கு என்றேன். ஒரு முட்டை கொடுத்திருந்தால் ஏதாவது கெடுதல் ஆகியிருக்குமா என்றேன். கொடுத்திருந்தால் என்று நான் சொன்னதிலேயே அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. பேனாவை மூடினார்.

"அதை யாராலயும் சொல்ல முடியாதும்மா."

ஆகியிருக்காது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மகளைத் திட்டியிருப்பேன். ஆகியிருக்கும் என்றால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். இரண்டும் இல்லாமல் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

பிப்ரவரி 24

இன்று கேன்டீனுக்கு மாமாக்காய் பெட்டி வந்தது. எனக்குத் தெரியும் என்று நானே முன்னால் போனேன். கத்தியை எடுத்துக் காம்பு கிள்ளி நறுக்க ஆரம்பித்தேன்.

குண்டூசி கையைப் பிடித்தாள். "என்னக்கா பண்றீங்க? தோலையா நறுக்குவாங்க?"

"பின்ன?"

மாஸ்டர் மாதிரிக்கு வேக வைத்திருந்த காய் ஒன்றை அவள் எடுத்து வாய்க்குப் பக்கத்தில் வைத்து அமுக்கினாள். உள்ளே இருந்து பச்சைக் கொட்டை பிதுங்கி வந்தது. தோலைக் குப்பையில் எறிந்தாள். "கொட்டையை மட்டும்தான் திங்கணும்க்கா. தோல் வெறும் சக்கை. மாடுகூட யோசிச்சுத்தான் திங்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

பாத்ரூமுக்குள் போய் ஒரு தோலை வாயில் போட்டு மென்று பார்த்தேன். நார். பூனை முடி மாதிரி சுணை. விழுங்க முடியவில்லை, துப்பினேன்.

பிப்ரவரி 25

தோலோட தின்னாரு.

ஜூன்லேர்ந்து. ஒரு நாள்கூட — ஐயோ, மிச்சம் வெச்சா திட்டுவேனே நான். விலை தெரியுமான்னு கேப்பேனே.

அவருக்கென்று வந்தது என்று நான் ஒன்றுகூட வாயில் போட்டுப் பார்த்ததில்லை. உப்புகூடக் கண் பார்த்துத்தான் போட்டேன். ஒரே ஒரு துண்டு போட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

மார்ச் 1, ஞாயிறு

சனிக்கிழமை மகள் வருகிறாளாம். லீவு போட்டிருக்கிறாள்.

இத்தனை மாதமும் அவள் மேல்தான் கோபம். அப்பா தட்டிலிருந்து முட்டையை எடுத்தவள் என்று. இப்போது என் பங்கும் தெரிந்துவிட்டது. அவள் எடுத்தாள், நான் சக்கையைப் போட்டேன். அவரைக்காய் மாதிரி என்று நீதானே சொன்னாய் என்று கேட்கலாம். கேட்டால் அவள் தாங்குவாளா? கேட்காமல் இருந்தால் நான் தாங்குவேனா?

மார்ச் 7, சனி

வந்தாள். இளைத்திருக்கிறாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு. பையை வைத்ததும் ஃப்ரீசரைத் திறந்தாள். கடைசிப் பாக்கெட் இன்னும் கிடக்கிறது, எறிய மனசு வரவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். குளிர் முகத்தில் அடிக்கிறது, மூடவில்லை.

"அதை எப்படித் திங்கணும்னு எனக்கு இப்பத்தான்டி தெரிஞ்சுது" என்றேன். இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று நினைக்கவேயில்லை. வந்துவிட்டது.

அவள் திரும்பவில்லை. "தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"நீ தோலோட சமைச்சது. அப்பா சொன்னாரு."

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆரம்பத்திலேயே, முதல் வாரமே, அவர் கம்பெனியிலிருந்து அவளுக்குப் போன் பண்ணியிருக்கிறார். ஏன்டி, இதைத் தோலோடயா திங்கணும் என்று. இல்லப்பா, உரிச்சு என்று அவள் சொல்லியிருக்கிறாள். இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள். அம்மாகிட்ட நான் சொல்றேன் என்றாளாம்.

"வேணாம்னாரும்மா. உங்கம்மா வேலைக்குப் போற அவசரத்துல காம்பு கிள்ளி, நார் உரிச்சு, அழகா நறுக்கி வெக்கிறா. முட்டை குடுக்க முடியலைன்னு ஏற்கெனவே மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டிருக்கா. இதுவும் தப்புன்னா உடைஞ்சு போயிடுவா. எனக்குப் பல்லு நல்லாத்தான் இருக்கு, நீ சும்மா இருன்னாரு." மூக்கை உறிஞ்சினாள். "நானும் சும்மா இருந்துட்டேன்மா. சிரிச்சுட்டு விட்டுட்டேன்."

எனக்கு எழுந்து அவளை அடிக்க வேண்டும் போல இருந்தது. அவரையும். இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னை… அதற்குள் அவர் வாய் அசைவதுதான் கண்ணில் வந்தது. மென்று, மென்று, தண்ணீர் குடித்து, "இன்னும் கொஞ்சம் வை" என்று தட்டை நீட்டியது. ஒரு தடவை அப்படியும் கேட்டார். பிடித்துத்தான் போய்விட்டது என்று நினைத்தேனே.

பிறகு அவள் தரையில் உட்கார்ந்து என் முழங்காலில் கை வைத்தாள்.

"டாக்டர் முட்டையை நிறுத்தச் சொல்லவே இல்லல்லம்மா? நான்தானே சொன்னேன்."

நான் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"நானும் முட்டையைத் தொடறதில்ல இப்ப. தட்டுல பாத்தாலே…" நிறுத்திவிட்டுக் கேட்டாள். "அப்பா கேட்டாராம்மா? ஒரு நாளாவது? முட்டை வேணும்னு?"

இதற்காகத்தான் பஸ் ஏறி வந்திருக்கிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. நானும் அதைச் சொல்லத்தான் இத்தனை மாதம் காத்திருந்தேன். நாக்கு நுனியில் நின்றது. இன்னைக்கு முட்டை எதுவும் பிய்யலையா.

"இல்லடி" என்றேன். "ஒரு நாளும் கேக்கலை. அந்த மாமாக்காய் அவருக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு."

"தோலோடயா?" என்றாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

அவரால் அவ்வளவு நாள் மென்று விழுங்க முடிந்தது. என்னாலும் முடியும்.

மார்ச் 8, ஞாயிறு

கடைசிப் பாக்கெட்டை வேக வைத்தோம். அவள் அமுக்கிக் காட்டினாள். நான் அமுக்கியது எகிறி ஜன்னல் கம்பியில் பட்டது. நல்லாத்தான் இருக்கிறது. லேசாக இனிக்கிறது. இது அவர் வாய்க்குப் போகவேயில்லை — இல்லை, போயிருக்கும். தோலுக்குள்ளே கொட்டையும் இருந்ததே. அதையாவது ருசி பார்த்திருப்பார்.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிட்டேன். ஊர் போனதும் முட்டை சாப்பிடு என்றேன். நீ சாப்பிட்டா நானும் சாப்பிடறேன் என்றாள்.

மார்ச் 12

பிய்ந்த முட்டைக்குக் குண்டூசி கை நீட்டினாள். இன்னைக்கு எனக்கு வேணும் என்றேன். ஒன்றும் சொல்லாமல் டப்பாவைக் கழுவித் துடைத்துக் கொடுத்தாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து தின்றேன். மஞ்சளோடு. உப்பு போட மறந்துவிட்டேன்.