பிரேக் டான்ஸ் ஆடிய கால்

மடுல்சீமை,
திங்கட்கிழமை.

அன்புள்ள றில்வான் நானாவுக்கு,

உங்கள் கூட்டாளி மாடசாமியின் சம்சாரம் இராக்கம்மா எழுதுவது. கட்டார் டோகாவில் நீங்கள் சுகமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். இங்கே சுகம் இல்லை. லுணுகலைக் கடையில் உங்கள் தங்கச்சி நளீராவிடம் இதைக் கொடுக்கிறேன். போனில் படம் பிடித்து அனுப்புவதாகச் சொன்னார். நானே உங்களோடு பேசினால் அழுதுவிடுவேன், விஷயம் வாயில் வராது.

அவர் பதினொரு நாளாகப் பதுளை ஆஸ்பத்திரியில் இருக்கிறார். ரத்தத்தில் சீனி ஏறும் வருத்தம் இருப்பது உங்களுக்குத் தெரியும். இப்போது இடது கால் அழுகிவிட்டது. வியாழக்கிழமைக்குள் முழங்காலுக்குக் கீழே எடுக்காவிட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். "ரெண்டு காலோடயே போறேன், விடு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

எப்படி வந்தது என்று கேட்பீர்கள். எல்லாம் உங்கள் இருவரின் பழைய பைத்தியம்தான். எண்பத்தாறில் உங்கள் வாப்பாவின் வான் வண்டியில் டீவியும் வீடியோ டெக்கும் ஏற்றி வந்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பிரேக் டான்ஸ் படம் போட்டீர்களே. மறுநாளே இரண்டு பேரும் பிஸ்கட் பெட்டி அட்டையை விரித்து, தேயிலைக்கு மருந்தடிக்கிற கையுறையை மாட்டிக்கொண்டு தலைகீழாகச் சுற்றினீர்கள். கங்காணி ஏசினார். நாங்கள் கொழுந்துக் கூடையோடு நின்று சிரித்தோம். சிரித்தவள்தான் அவரிடம் மாட்டிக்கொண்டேன்.

போன மாதம் பேரப்பிள்ளைகள் அந்தப் படத்தைப் போனில் தேடி எடுத்துக் காட்டினார்கள். ஐம்பத்தெட்டு வயது மனிதர், வெறுங்காலோடு லயத்து வீட்டு வாசல் சீமெந்தில் ஆட ஆரம்பித்துவிட்டார். பின்னுக்கு வழுக்கிக்கொண்டு போகும் அந்த ஆட்டம் அப்படியே வந்தது நானா. குதிகாலில் தோல் கிழிந்தது அவருக்கே தெரியவில்லை. அந்தக் கால் மரத்துப்போய் இரண்டு வருஷம். நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டியவள் நான். நானும் கை தட்டினேன்.

மறுநாள் ரத்தத்தைப் பார்த்து அட்டைக் கடி என்று நினைத்துவிட்டேன். மழை நாளில் மலைக்குப் போகிறவர் யாருக்குத்தான் அட்டை கடிக்காது? வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்து அப்பினேன். எட்டு நாள் அப்பினேன். நாற்றம் வந்த பிறகுதான் பயந்தேன். சுண்ணாம்பு வைத்தது யார் என்று டாக்டர் கோபமாகக் கேட்டபோது, இவர் முந்திக்கொண்டு, "நான்தான் சேர், வீட்ல யாருக்கும் சொல்லல" என்றார். நான் பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை.

கையெழுத்துப் போடுங்கள் என்று அவரிடம் கெஞ்ச எனக்கு முகமில்லை. நீங்கள் சொன்னால் கேட்பார். நாளைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு வார்டில் இருப்பேன், என் நம்பருக்கு எடுங்கள். போனை அவர் காதில் வைக்கிறேன். கிண்டல் பண்ணுங்கள், ஏசுங்கள், எதையாவது சொல்லுங்கள். ஒற்றைக் காலோடு வீட்டில் உட்கார்ந்து, என் காலை அழித்தவள் இவள்தான் என்று தோட்டத்துக்கே அவர் சொல்லட்டும். அதைக் கேட்டுக்கொண்டு கிடக்க எனக்கு அவர் வேண்டும்.

உங்கள் பிள்ளைகுட்டிகள் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும்.

வியாழனுக்குள் உங்கள் குரல் வரும் என்று நம்பியிருக்கும்,
தங்கச்சி இராக்கம்மா