பன்னிரண்டுக்குப் பதினொன்று

மணிலா
17.9.1991

அன்புள்ள செந்தாமரைக்கு,

அமெரிக்கக் கடற்படைத் தளம் இங்கே நீடிப்பதற்கான ஒப்பந்தத்தை இந்த நாட்டு செனட் சபை நேற்று நிராகரித்துவிட்டது. எதிர்ப்பு பன்னிரண்டு, ஆதரவு பதினொன்று. சபையில் உட்கார்ந்து நானே எண்ணினேன். நான் நலம். நீயும் கங்காவும் அப்பாவும் நலம்தானே? வெளியே மழை, கூட்டம்; குடை மட்டும் போனது.

அப்பா களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை "ஒன்று" என்னாமல் "லாபம்" என்பாரே, அதே பழக்கத்தில் நானும் "லாபம், ரெண்டு, மூணு" என்று முணுமுணுத்தேன். பக்கத்திலிருந்த அமெரிக்க நிருபர் சிரித்தார். அமெரிக்கா போனால் இந்தக் கடல் சீனாவுக்கா என்று அவருக்கும் சீன நிருபருக்கும் காலையிலிருந்தே வாக்குவாதம். கடைசியில் ஒருவர் எண்ணிக்கையை ஒருவர் நம்பவில்லை. இருவரும் என் நோட்டைப் பார்த்துத்தான் செய்தி அனுப்பினார்கள். இருபத்திரண்டு வருட நிருபர் வேலையில் இதைவிடப் பெருமை எனக்கு வாய்த்ததில்லை.

"மொதல்ல வூட்டுக்கு வாங்க, அப்பால சீனாக்காரனப் பாத்துக்கலாம்" என்று எழுதியிருந்தாய். கங்காவின் பாதத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்து அனுப்பு. இங்கே செருப்பு நன்றாக இருக்கிறது, அவள் கல்யாணத்துக்கு ஆகும். பெற்ற மகளின் கால் அளவு எனக்குத் தெரியவில்லை. கொஞ்சம் சுண்டைக்காய் வற்றலும் வேண்டும்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. அமெரிக்கக் கப்பல்கள் எப்போது கிளம்பும் என்பது இன்னும் முடிவாகவில்லை. ஐப்பசியில் கல்யாணத்துக்கு எனக்கு விடுப்பு உண்டா என்பதை ஆசிரியர் முப்பதாம் தேதி சொல்வார். உறுதியாகாததை நான் எழுதுவதில்லை, உனக்கும்கூட. அன்றே தந்தி அடிக்கிறேன்.

பகலவன்