ஊதாத சங்கு

பூனாகலை

அன்புள்ள அத்தானுக்கு,

பிரஷாந்தினி எழுதுவது. நானும் பிள்ளையும் சுகம். அங்கே கத்தாரில் வெயில் எப்படி? போனை எடுக்கவே மாட்டேன் என்கிறீர்கள், அதனால்தான் கடிதம்.

நீங்கள் செய்து வைத்த மண்சரிவுச் சங்கு அன்று ஏன் ஊதவில்லை என்று கண்டுபிடித்துவிட்டேன். மழைமானியைப் படிக்கும் சி மொழிப் புரோகிராம், இடையில் வேறு அளவு புகாதபடி ஒரு பூட்டைப் போட்டுக்கொண்டு, சங்கை ஊதவைக்கும் உங்கள் ரூபி மொழிப் புரோகிராமைக் கூப்பிட்டு அளவைச் சொல்கிறது. அன்று தண்ணீர் புகுந்த மானி உளறியது. ரூபி பிழை என்று அலறியது. அலறிய ரூபி சி-யிடம் திரும்பி வராது, அதைத் தாண்டிக் குதித்து ஓடிவிடும். பூட்டைத் திறக்க ஆளில்லை. அடுத்த அளவெல்லாம் பூட்டுக்கு வெளியே காத்துக் கிடந்தது. மெஷினில் பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

செய்தவர் குணம்தான் செய்த பொருளுக்கும். அத்தையை மண்ணிலிருந்து எடுத்து அடக்கம் செய்த கையோடு, கருமாதிக்குக்கூட நிற்காமல் விமானம் ஏறிவிட்டீர்கள். எனக்குக் கோபம்தான், மறைக்கவில்லை.

இப்போது திருத்திவிட்டேன். ரூபி அலறினால் அந்தப் பிழையை வாசலிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறேன். சி பூட்டைத் திறந்து தன் வேலையை முடிக்கிறது. பிறகுதான் பிழையை வெளியே விடுகிறேன். அதை விழுங்கவில்லை அத்தான், கொஞ்சம் பொறுக்க வைக்கிறேன், அவ்வளவுதான்.

நேற்று வேண்டுமென்றே ஒரு கெட்ட அளவையும், அதன் பின்னாலேயே பெருமழை அளவையும் கொடுத்துப் பார்த்தேன். சங்கு ஊதியது. சோதனை என்று முன்பே சொல்லியும், லய வீடுகளில் எல்லோரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயில் மேட்டுக்கு ஓடினார்கள். பக்கத்துக் காம்பரா வீட்டுச் சிவஞானம் அண்ணன் மட்டும் அத்தையின் காம்பரா இருந்த இடத்தில் நின்று அழுதார். "வாங்கக்கான்னு அன்னைக்குக் கூப்புட்டேன். எம் மகன் சங்கு ஊதட்டும், வாரேன்னாங்க. மழ பேஞ்சா இன்னும் காதுல விழுதும்மா, சங்கு ஊதிருச்சா, ஊதிருச்சான்னு" என்றார்.

எனக்கும் கேட்கிறது. உங்களுக்கு அங்கேயும் கேட்கும் என்று தெரியும்.

ஆபத்துக்கும் சங்குதான், சாவுக்கும் சங்குதான் நம் ஊரில். முதல் சங்கு அத்தைக்குக் கிடைக்கவில்லை. கருமாதிச் சங்கை, மகன் வராமல் ஊதக் கூடாதென்று நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

முருகன் உங்களைக் காக்கட்டும். வந்து கருமாதியை முடித்துவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் அலறுங்கள். வாசலில் பிடித்துக்கொள்ள நான் இருக்கிறேன்.

உங்கள்
பிரஷாந்தினி