பரீதா ஜிம்முக்குப் போன கதை

திருகோணமலை
10.09.2024

என் அன்புத் தங்கத்துக்கு,

மட்டக்களப்பில் மகள் வீட்டில் சுகமாக இருக்கிறீர்களா? இடுப்பு நோவு குறைந்ததா? இங்கே அல்ஹம்துலில்லாஹ் எல்லாரும் நல்ல சுகம், என் முழங்காலைத் தவிர.

இந்தக் காலத்திலும் ஏன் கடிதம் என்று மகன் றுவைஸ் கேட்கிறான். ரெலிபோன் எக்சேஞ்சில் முப்பது வருடம் ஊர்க்கதையெல்லாம் காதில் வாங்கின எங்கள் இரண்டு பேருக்கும் போன் என்றாலே அலுப்பு என்பது அவனுக்கு விளங்காது.

தங்கம், ஒரு விஷயம் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. நான் ஜிம்முக்குப் போகப் போகிறேன்.

பாயை விட்டுக் கதிரையில் இருந்து தொழத் தொடங்கி இரண்டு வருடமாகிறது. அது குற்றமில்லை, ஏலாதவர்களுக்கு மார்க்கம் இடம் தந்திருக்கிறது. ஆனாலும் சுஜூதில் நெற்றியை நிலத்தில் வைக்காமல் கதிரையிலேயே குனிகிறபோது, வாசல் வரைக்கும் போய்விட்டு உள்ளே போகாமல் திரும்புகிற மாதிரி மனசுக்குக் கிடக்கிறது. போன மாதம் யாருக்கும் சொல்லாமல் பாயில் இருந்து பார்த்தேன். இருக்க ஏலும், எழும்பத்தான் ஏலாது. மருமகள் றிஷானா வந்து தூக்கும் வரை முகட்டுப் பல்லியோடு முகம் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

எலும்பில் பெரிய பழுதில்லை, தொடைச் சதைதான் பலமிழந்து போயிற்று, முறையாகப் பயிற்சி செய்தால் திரும்பும் என்று டொக்டர் சொன்னார். வருகிற நோன்புக்கு முன் என் நெற்றி நிலத்தில் பட வேண்டும். வேறு ஆசை இல்லை. உங்கள் அம்மனிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

உங்கள்
பரீதா


மட்டக்களப்பு
21.09.2024

அன்பின் பரீதா,

சிரிக்கக் கூடாது என்று எழுதியதற்காகவே சிரித்தேன். அறுபத்தேழு வயதில் இரும்பு தூக்கப் போகிறீர்களாம்! எக்சேஞ்சில் தண்ணீர்ப் போத்தலைக் கூட என்னைக் கொண்டு தூக்குவித்த ஆள் நீங்கள்.

குளியலறையில் விழுந்த நாளிலிருந்து எனக்கு அறையைத் தாண்டவே பயம். பிடித்து நடக்க மகள் சுலோஜனா ஒரு நாலுகால் சட்டம் வாங்கித் தந்தாள். அதில் இப்போது துவாய் காய்கிறது. திருகோணமலைக்கு வரச் சொல்லி நீங்கள் எழுதும்போதெல்லாம் பஸ்ஸின் முதல் படிதான் கண் முன்னால் வந்து நிற்கிறது.

போகத்தான் வேண்டுமென்றால் கிட்ட இருக்கிறது என்பதற்காக ஒரு இடத்தில் போய்ச் சேர வேண்டாம். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிற மனுசி நீங்கள். ஜிம்மையும் அப்படிப் பார்த்து எடுங்கள்.

பிரியமுடன்
தங்கம்


திருகோணமலை
08.10.2024

என் தங்கத்துக்கு,

செவுளைப் பார்த்துத்தான் எடுத்தேன். முதலில் போன இடத்தில் பாட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. பெடியன்கள் கண்ணாடியில் தங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேசையில் இருந்தவர், "மகனைச் சேர்க்க வந்தனீங்களா உம்மா?" என்றார். எனக்குத்தான் என்றேன். அப்படியே வெளியே வந்துவிட்டேன்.

அடுத்தது ஒரு சாமான் கடையின் மேல்மாடி. செங்குத்துப் படி, பிடிக்கக் கம்பியில்லை. "இதில ஏற ஏலுமெண்டா நான் ஏன் தம்பி ஜிம்முக்கு வாறன்?" என்று கீழே நின்றே கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

கடைசியில் உள்துறைமுக வீதிப் பக்கம் ஒரு ஒழுங்கையில் கிடைத்தது. கீழ்த்தளம், வழுக்காத நிலம், காலையில் பெண்களுக்கு மட்டும். யன்னலால் பார்த்தால் கப்பல் தெரியும். பழக்குகிறவள் நப்லா என்று ஒரு பிள்ளை. "என்ன மருந்து, குளிசை போடுறீங்கள்? நெஞ்சு நோவு வாறதா? கடைசியா எப்ப விழுந்தனீங்கள்?" என்று துருவித் துருவிக் கேட்டாள். டொக்டரின் கடிதம் இல்லாமல் ஒன்றையும் தொட விடமாட்டேன் என்றாள். அந்த இடத்திலேயே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

முதல் வாரம் முழுக்கக் கதிரையிலிருந்து கையூன்றாமல் எழும்புவதும் இருப்பதும்தான். "இதுக்கா பிள்ளை ஜிம்?" என்றேன். "நீங்கள் கேட்டது இதைத்தானே உம்மா" என்றாள். பாரம் தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாதாம், கதைக்க ஏலுமாக இருக்க வேண்டுமாம். எங்களுக்குக் கதைக்கச் சொல்லித் தரவும் வேண்டுமா!

உங்கள்
பரீதா


திருகோணமலை
05.11.2024

என் தங்கத்துக்கு,

பதற வேண்டாம், முழுசாகத்தான் இருக்கிறேன்.

பெண்கள் மட்டும் இருக்கிற இடம்தானே, ஹபாயா அங்கியைக் கழற்றிவிட்டுக் காற்சட்டையோடு வாருங்கள் என்று நப்லா முதல் நாளே சொன்னவள். எனக்கு வெட்கம். ஹபாயாவோடேயே நடக்கிற மெசினில் ஏறினேன். அந்த மெசினில் ஒரு சிவப்பு வயர் இருக்கிறது. அதை உடுப்பில் மாட்டிக்கொண்டால், ஆள் தடுமாறும்போது வயர் இழுபட்டு மெசின் நின்றுவிடும். நான் அதைக் கைப்பையில் மாட்டினேன். கைப்பை களவு போகக் கூடாது என்று அதை மெசினிலேயே தொங்கவும் விட்டேன்!

நப்லா அந்தப் பக்கம் திரும்பிய நேரம் ஹபாயாவின் கரை மெசினுக்குள் போய்விட்டது. பின்னுக்கு இழுத்து என்னை முழங்காலில் விழுத்தியது. முப்பது வருடம் வயர் செருகி வயர் பிடுங்கின கை சும்மா இருக்குமா? நான் யோசிக்க முதல் அது சிவப்பு வயரைப் பிடித்து ஒரே இழுவை. மெசின் நின்றது. அழைப்பு முடிந்ததும் பிடுங்குவோமே, அதே மாதிரி.

முழங்காலில் தோல் உரிந்தது, கரை கிழிந்தது, வேறொன்றுமில்லை. நப்லா அழுதுகொண்டே ஏசினாள். சொல்வழி கேளாதது என் பிழைதான். றுவைஸ் இனிப் போகவே கூடாது என்கிறான். நீங்கள் என் பக்கம் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள், அவனுக்குக் காட்ட வேண்டும்.

உங்கள்
பரீதா


மட்டக்களப்பு
16.11.2024

பரீதாவுக்கு,

எழுத மாட்டேன். உங்கள் மகன் சொல்வதுதான் சரி.

உங்களுக்கு இது பகிடியாக இருக்கிறது. குளியலறை நிலத்தில் கிடந்து, கூப்பிட ஆளில்லாமல் தண்ணீர் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவள் நான். நீங்களும் விழுந்து படுத்துவிட்டால் எனக்குக் கடிதம் எழுத யார் இருக்கிறார்கள்? கதிரையில் இருந்து கேட்டால் உங்கள் அல்லாஹ் கேட்க மாட்டாரா?

ஜிம்மை விட்ட பிறகு எழுதுங்கள். அதுவரை வேண்டாம்.

தங்கேஸ்வரி


திருகோணமலை
24.02.2025

என் தங்கத்துக்கு,

கடிதத்தின் கீழே முழுப் பெயர் போட்டிருந்தீர்கள். உங்களுக்கு உண்மையிலேயே கோபம் வந்தால்தான் அப்படிப் போடுவீர்கள். அதனால் இவ்வளவு நாளும் எழுதவில்லை. ஆனால் ஜிம்மையும் விடவில்லை.

றுவைஸைக் கூட்டிக்கொண்டு போய் நப்லாவோடு கதைக்க வைத்தேன். இரண்டு பேரும் சேர்ந்து எனக்குச் சட்டம் போட்டார்கள். காற்சட்டைதான் போட வேண்டும், வயர் உடுப்பில்தான் இருக்க வேண்டும், நப்லா பக்கத்தில் நிற்காமல் மெசினில் ஏறக் கூடாது. எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். தலை சுற்றின நாளில் மறைக்காமல் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

நேற்று மதியம் லுஹர் தொழுகையில் என் நெற்றி பாயில் பட்டது, தங்கம். பாயின் வாசமே மறந்து போயிருந்தது. எழும்பும்போது பக்கத்துக் கதிரையை ஒரு கையால் பிடித்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் யாரும் தூக்கவில்லை. றிஷானா கதவடியில் நின்று பார்த்துக் கண்ணைத் துடைத்தாள். நான் தொழுது முடித்துத்தான் அழுதேன்.

சுஜூதில் கேட்கிற துஆ ஏற்கப்படும் என்பார்கள். எனக்கென்று கேட்கச் சேர்த்து வைத்தது எவ்வளவோ இருந்தது. நெற்றி நிலத்தில் பட்டதும் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. யா அல்லாஹ், தங்கத்தின் பயத்தை எடுத்துவிடு என்றுதான் வந்தது. அதைச் சொல்லத்தான் உங்கள் சொல்லை மீறி எழுதுகிறேன்.

என்றும் உங்கள்
பரீதா


மட்டக்களப்பு
18.05.2025

என் பரீதாவுக்கு,

பதில் சுணங்கியது கோபத்தால் இல்லை. வெறும் கையோடு எழுத மனம் வரவில்லை.

உங்கள் கடிதத்தைச் சுலோஜனாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிப் பகுதி வந்ததும் கடிதத்தை அவளிடம் நீட்டினேன், மிச்சத்தை அவள் வாசித்தாள். அடுத்த நாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். அங்கே பயிற்சி சொல்லித் தருகிற பிள்ளை, கதிரையில் எழும்பி இருக்கவும், வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு குசினிப் படியில் ஏறி இறங்கவும் பழக்கினாள். மூச்சை நான் அடக்குவதில்லை, சுலோஜனாவை ஏசிக்கொண்டே செய்கிறேன். துவாய்க்கு வேறு கொடி கட்டியாயிற்று, அந்த நாலுகால் சட்டம் இப்போது என்னோடு நடக்கிறது.

நேற்றுப் பஸ் நிலையத்துக்குப் போய், நின்றுகொண்டிருந்த திருகோணமலை பஸ்ஸில் ஏறினேன், இறங்கினேன், திரும்பவும் ஏறினேன். "எங்க அம்மா போறீங்கள்?" என்று கண்டக்டர் கேட்டார். "இண்டைக்கு எங்கயும் இல்லைத் தம்பி, படியைப் பார்க்க வந்தனான்" என்றேன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அடுத்த நாள் வருகிறேன். சுலோஜனா பக்கத்தில் வருவாள், ஆனால் படியில் நான்தான் இறங்குவேன். வீட்டில் எனக்கென்று கதிரை எடுத்து வைக்க வேண்டாம். பாயை விரியுங்கள். எழும்ப ஏலாமல் போனால் இரண்டு பேரும் அதிலேயே இருந்து கதைப்போம்.

உங்கள்
தங்கம்