அம்மாவுக்கும் ஒரு முழுப்பேர்

மேல் டிவிசன் லயம்,
தெரணியகலை.

அன்பு மகள் தர்மிளாவுக்கு அப்பா ஏழுமலை எழுதுவது. மாரியாத்தா கண் பார்வையில் நானும் பிள்ளைகள் இரண்டும் சுகம். அந்தக் குவைத் வெயிலில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். நீ எதைக் கேட்கத் துடித்துக்கொண்டிருப்பாய் என்று தெரியும், அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை ஆற அமரப் படி. சின்னவன் சாப்பிடுகிறான். கிளினிக்கில் நிறுத்துப் பார்த்த மிட்வைஃப் மிஸ் சிங்களத்தில், சீயா பய வென்ன எப்பா, பர வெடி வெலா என்று சொன்னார். தாத்தா பயப்பட வேண்டாம், எடை கூடியிருக்கிறது என்று அந்த அம்மா வாயால் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது, அப்பாடா என்று அங்கிருந்த பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியதில்லையாம். நீயும் வீட்டு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவர வேண்டியதில்லை. இதைப் போனில் சொல்லலாம்தான், ஆனால் சிக்னலுக்காக மேட்டுக்கு ஏறினால் பிள்ளைகள் இரண்டும் போனைப் பிடுங்கிக்கொள்கிறதுகள், அதுகள் காதில் விழக் கூடாத ஒரு விஷயமும் இதில் இருக்கிறது. டவுனில் கடை வைத்திருக்கும் பளீல் நானாவின் மகள் நூரியா, மாப்பிள்ளையிடம் போக அடுத்த கிழமை குவைத்துக்கு ஏறுகிறாள், அவள் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன்.

நீ போன புதிதில் சின்னவன் யதுஷன் ஒழுங்காகத்தான் சாப்பிட்டான் என்று உனக்கே தெரியும். பிறகுதான் தட்டைத் தள்ள ஆரம்பித்தான். சோற்றைப் பிசைந்து வைத்தால் வாயைப் பூட்டிக்கொள்வான், ரொட்டியைக் கொடுத்தால் கையிலேயே வைத்திருந்து காயவிடுவான். கண்ணூறு என்று மிளகாய் சுற்றிப் போட்டேன், கோயிலில் கயிறு கட்டினேன். அழும்போதெல்லாம் சீனி அள்ளிப் போட்டு தேத்தண்ணி கொடுத்தேன், நம்ம ஆட்களுக்குத்தான் எந்த நோவுக்கும் தேத்தண்ணி மருந்தாச்சே. மிட்வைஃப் மிஸ் அதற்கு என்னை நன்றாக ஏசிவிட்டார், சாயத்தண்ணி வயிற்றை அடைத்துவிடுமாம், பசி எடுக்காதாம். பிள்ளைகளுக்குக் கொடுக்கிற திரிபோஷ சத்துமாப் பாக்கெட் கொடுத்து, அடுத்த கிளினிக்குக்குள் எடை ஏறாவிட்டால் இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவேன் என்றும் சொல்லிவிட்டார். அந்த மாவைக் கரைத்துக் கொடுத்தால் துப்புகிறான். அந்த நாட்களில் எனக்குத் தூக்கம் போய்விட்டது மகளே, மகள் நம்பி விட்டுப்போன பிள்ளையைக் கரை சேர்க்க முடியவில்லையே என்று இறப்பர் மரத்தோடு பேசிக்கொண்டே பால் வெட்டினேன்.

இதற்கிடையில் வீட்டில் ஒரு களவு. காலையில் சம்பலுக்குத் துருவி மூடி வைத்த தேங்காய்ப்பூவில் பாதியைக் காணோம், சீனிப் போத்தல் இறங்குகிறது, விஸ்கோத்து குறைகிறது, யாருமே சாப்பிடாத திரிபோஷ மாவும் குறைகிறது. எலி என்று நினைத்து பளீல் நானா கடையில் பொறி வாங்கி வைத்தேன். மூத்தவள் டிலுக்ஷியைக் கேட்டால், பெரிய எலியா இருக்கும் தாத்தா என்று முகத்தை அப்பாவி மாதிரி வைத்துக்கொண்டு சொல்கிறாள், உன் மகள் உன்னை உரித்து வைத்திருக்கிறாள்.

ஒரு நாள் பாலில் மழை விழுந்து வெட்டியதெல்லாம் வீணாகி, நேரத்தோடு வீட்டுக்கு வந்தேன். பின்பக்கத் தாழ்வாரத்தில் சத்தம். எட்டிப் பார்த்தால் அங்கே கொழுந்து நிறுவை நடக்கிறது. இரண்டு சிரட்டையில் கயிறு கட்டித் தராசு, கணக்குப்பிள்ளை உன் மகள், காதில் ஒரு ஈர்க்குக் குச்சி, அதுதான் பேனை. சின்னவன் தலையில் உரப்பையை மாட்டிக்கொண்டு கொய்யா இலை பறித்துக் கொண்டுவந்து கொட்டுகிறான். அந்தக் குட்டிக் கணக்குப்பிள்ளை பைக்கு இவ்வளவு, மழை ஈரத்துக்கு இவ்வளவு என்று நிறை கழிக்கிறாள், நம்ம கொழுந்து மடுவத்தில் நடக்கிற அநியாயம் ஒன்று விடாமல் படித்து வைத்திருக்கிறாள். நிறை காணாவிட்டால் அரைப்பேர், கண்டால் முழுப்பேர். நமக்கு அது அரைநாள் சம்பளமும் முழுநாள் சம்பளமும், இவர்கள் விளையாட்டில் அது பலகாரம். திரிபோஷ மாவில் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு, துளி தண்ணீர் தெளித்துப் பிடித்த உருண்டைதான் முழுப்பேர், அதைப் பிட்டால் அரைப்பேர். நன்றாகப் பறித்தால் மேலதிகமாக ஒரு கிறீம் கிரேக்கர் விஸ்கோத்து, அதில் வாழைப்பழ வட்டம் இரண்டு கண், தேங்காய்ப்பூ மீசை. யாருடா இது என்றால் தோட்டத்துப் பெரிய துரையாம், அவரை முதலில் மீசையில் இருந்து கடிக்க வேண்டுமாம். அடுப்பை மூட்டவில்லை, நீ பயப்படாதே, கத்தியும் தொடவில்லை, பழத்தைத் தையல் நூலால் அறுக்கிறாள். என் தட்டைத் தள்ளியவன் அங்கே, எனக்கு அரைப்பேர் போடாத அக்கா, முழுப்பேர் போடு என்று சண்டை பிடிக்கிறான்.

சாப்பிடுவதற்கு முன் டிலுக்ஷி பேர் கூப்பிட்டாள். முதல் பேர் தர்மிளா. வேலைக்குப் போயிருக்கு என்று இவன் பதில் சொன்னான். ஒரு முழு உருண்டையை வாழையிலைத் துண்டில் வைத்து, அம்மாவுக்குப் பேர் போட்டாச்சு, அம்மா சாப்பிட்டாச்சு, இப்ப நீ சாப்பிடு என்றாள். அதன் பிறகுதான் அவன் வாயில் வைத்தான். அன்று சாயந்தரம் டிலுக்ஷியைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டேன், அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தம்பி போன்ல எப்பவும் சாப்டியாம்மான்னு கேக்குறான் தாத்தா, அம்மா எப்பவும் இன்னும் இல்ல சாமி, வேலை முடியலன்னு சொல்லுது, அம்மா சாப்பிடாம நான் சாப்பிட மாட்டேன்னு எங்கிட்ட மட்டும் சொன்னான், அதான் இப்புடி வெளாண்டேன். மகளே, நான் அப்படியே உட்கார்ந்து அழுதேன். நாலு வயசுப் பிள்ளை உனக்காகக் காத்திருந்திருக்கிறான், நான் பேய்க்கும் கண்ணூறுக்கும் மிளகாய் சுற்றிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

இப்போது எல்லாம் சரி. பொறியை எடுத்துவிட்டேன், தேங்காய் கொஞ்சம் கூடவே துருவி வைக்கிறேன், தெரியாத மாதிரி இருக்கிறேன். சாயந்தரம் சோறும் தின்கிறான், உன் பேரை ஒரு தரம் சொன்னால் போதும். இலையில் வைக்கிற உன் உருண்டை யார் வயிற்றுக்குப் போகிறது என்று கேட்காதே, உன் மகளும் ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறாள். மாப்பிள்ளை சுரேந்திரன் போன மாதம் கொழும்பிலிருந்து வந்தபோது அவருக்கும் அரைப்பேர்தான் போட்டார்கள், பிந்தி வந்தாராம்.

உனக்கு நான் சொல்வது ஒன்றுதான். இனிப் போன் எடுப்பதற்கு முன்னால் சாப்பிடு. அவனுக்காகப் பொய் சொல்லாதே, உண்மையாகவே சாப்பிட்டுவிட்டு எடு, வேலை முடியாவிட்டால் அந்த வீட்டம்மாவிடம் கேட்டு இரண்டு வாயாவது போட்டுக்கொண்டு எடு. அவன் ஒவ்வொரு தரமும் கேட்டான், பக்கத்தில் நின்ற எனக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை. வெயிலில் துணி காயப்போடப் போனால் தலையில் ஏதாவது போட்டுக்கொள், தண்ணீர் குடி. மாரியாத்தா உனக்குத் துணை, நல்லபடியாக வேலை முடித்து நல்லபடியாக வந்து சேர். இங்கே உன் பங்கை யார் சாப்பிட்டாலும் அங்கே உன் வயிறு நிறையாது மகளே.

இப்படிக்கு,
உன் அப்பா
ஏழுமலை