கடைசி அறைக்கு மாற்றிய கோழிகள்

மச்சான்,

நேற்றுக் காலை சிறுநீர் மஞ்சளாகப் போவதைப் பார்த்துவிட்டு, "எனக்குக் காமாலை!" என்று வீடே அதிரக் கத்தினேன். மருமகள் சத்து மாத்திரை டப்பாவைத் தூக்கிக் காட்டி, "இதைய முழுங்குனா அப்படித்தானுங்க மாமா போவும்" என்றாள். பேரன் அதைத் தெருவுக்கே சொல்லிவிட்டான். வெட்கத்தோடு டப்பாவைத் திறந்தேன். நர்சிங் ஹோமில் உங்கள் கட்டிலருகே அடித்த அதே வாடை.

எழுபதுகளின் கடைசியில் நாமக்கல் பக்கம் நாம் கூட்டாகப் போட்ட கோழிப்பண்ணையில் வெள்ளைக்கழிச்சல் நோய் புகுந்ததே, நினைவிருக்கிறதா? ஒரு கொட்டகைக்கு மட்டும் தண்ணீரில் வைட்டமின் மருந்து கலந்தேன். பண்ணை வழக்கப்படி, துவண்ட கோழிகளை அன்றன்றே பிடித்துக் கடைசி அறையில் விட்டேன். பிறகு உங்களிடம் ஓடிவந்து, "மருந்து குடிச்ச கொட்டாயில ஒண்ணுகூடச் சாவலீங்க மச்சான்!" என்று குதித்தேன்.

நீங்கள் கடைசி அறைக் கதவைத் திறந்தீர்கள். உள்ளே குவியலாகக் கிடந்தன.

"ஏனுங்க மாப்ள, சாவறதையெல்லாம் இங்க தள்ளிப்போட்டு, அங்க பொழச்சுதுன்னா எப்படிங்க? எங்கிருந்து வந்துச்சோ அந்தக் கணக்குலதானுங்க சேரும். நீங்க பத்தாவது எப்படித்தான் தாண்டுனீங்களோ!"

தாண்டவில்லை. உங்களுக்கும் தெரியும்.

சில வருஷம் கழித்துக் காமாலை உங்களைப் பிடித்தது. டவுன் நர்சிங் ஹோமில் மஞ்சள் நிற வைட்டமின் பாட்டிலை மாட்டிய டாக்டர், "இதைய ஏத்துன காமாலைக்காரங்க இங்க யாருமே செத்ததில்லீங்க" என்றார். உங்கள் முகம் தெளிந்தது. அவர் பின்னாலேயே வாசல்வரை போய் நான் கேட்டேன்: "முத்திப்போனவங்க?"

"அவங்களச் சேலம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிருவோமுங்க."

இன்றைக்கும் யாராவது ஒரு மருந்தைக் காட்டி, சாப்பிட்டவர்களெல்லாம் தேறினார்கள் என்றால், பாதியில் அனுப்பப்பட்டவர்கள் எங்கே என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். நீங்கள் எனக்கு விட்டுப்போனது இந்தக் கேள்விதான். அதை உங்களுக்காகக் கேட்க வேண்டிவந்ததுதான் கொடுமை.

உங்களுக்கு நினைவு தடுமாறத் தொடங்கிய காலையில், டாக்டரே காருக்குச் சொல்லிச் சேலத்துக்கு அனுப்பினார். போன நீங்கள் திரும்பவில்லை. ராசிபுரம் தாண்டும்போது என் மடியில் தலைவைத்திருந்த உங்களுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது.

"மாப்ள, அங்கயும் அந்த மஞ்சப் பாட்டில் ஏத்துவாங்களா? அதைய ஏத்துனவங்க யாருமே சாவலியாமா."

ஊரையே கணக்குக் கேட்ட நீங்கள், சின்னப் பிள்ளைபோல என் முகத்தைப் பார்த்தீர்கள்.

"ஏத்துவாங்க மச்சான். கண்ண மூடிப் படுங்க" என்றேன்.

காரில் ஏற்றும்போதே உங்களை அந்த நர்சிங் ஹோம் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை.